மலையடிவாரத்தின் கார்பன் கணக்கு

தமிழ்நாட்டு நகராட்சிகளில் ‘கார்பன் சமநிலை’ என்ற இலக்கைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டிருப்பது ராஜபாளையம். ஊர் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களை முடிந்தவரை குறைப்பது, குறைக்க முடியாத மிச்சத்தை மரங்களாலும் பிற வழிகளாலும் ஈடுகட்டுவது, 2041-க்குள் நிகரக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். இந்தியா தனக்கு விதித்துக்கொண்ட ஆண்டு 2070. அதற்கு முன்பே எட்டிவிடுவோம் என்று சொல்கிறது தமிழ்நாடு அரசு. 2011 கணக்கெடுப்பில் 1,30,442 பேர் வாழ்ந்த, 11.36 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு மில் ஊர் நாட்டுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்னால் நிற்கப் போகிறதென்றால், அந்த வாக்குறுதியை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மரியாதை என்று நான் சொல்வது, வரி வரியாகக் கேள்வி கேட்பதைத்தான்.

முதலில் சரியாகச் செய்யப்பட்டதைச் சொல்லிவிடலாம். நகரங்களுக்கான பெருந்திட்டங்கள் இதுவரை பெரிய ஊர்களையே தேடிப் போயின. 2015-இல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பதினோரு இடங்களும் பெரிய நகரங்களுக்கே போயின. மும்பை 2022-இலும் சென்னை 2023-இலும் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டன. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர்களை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் நாளைய வீடுகளும் சாலைகளும் மனைப்பிரிவுகளும் இத்தகைய ஊர்களின் ஓரங்களில்தான் முளைக்கின்றன. சென்னையில் செய்துவிட்ட தவறைத் திருத்தப் பல்லாயிரம் கோடி வேண்டும். ராஜபாளையத்தில் பல தவறுகள் இன்னும் செய்யப்படவே இல்லை. எனவே நடுத்தர ஊர் ஒன்றைத் தேர்ந்தது நல்ல முடிவு. அதற்கு முன்பே தமிழ்நாடு பசுமை காலநிலை நிறுவனம், மாவட்ட ஆட்சியரைப் பொறுப்பாக்கும் மாவட்டக் காலநிலை இயக்கங்கள், முதலமைச்சர் தலைமையில் 2022-இல் அமைந்த காலநிலை ஆட்சிமன்றக் குழு என்று ஓர் அமைப்பை மாநிலம் கட்டியிருக்கிறது. அந்தக் குழு அமைந்தபோது அதில் பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தின் சுந்தர்ராஜனும் இடம்பெற்றார், ராஜபாளையத்துத் தொழில் குழுமமான ராம்கோவின் சமூகப் பணிகள் அமைப்பின் பிரதிநிதியும் இடம்பெற்றார். இயக்கக்காரரும் தொழில் குடும்பமும் ஒரே மேசையில் அமர்வது நம் ஊரில் அபூர்வம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

சிக்கல் கணக்கில் தொடங்குகிறது. கார்பன் சமநிலை என்றதும் மேடையில் முதலில் நடப்பது மரக்கன்று நடுவது. அதன் கணிதத்தைப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ அளவு கரியமில வாயுவை உள்வாங்கும் என்பது பரவலாகப் பயன்படும் தோராயம். சராசரி இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். ஆளுக்கு நூறு மரம் வேண்டும். ராஜபாளையத்தின் 2011 மக்கள்தொகைக்கே 1.3 கோடி மரங்கள். ஹெக்டேருக்கு ஆயிரம் என்று நெருக்கி நட்டாலும் 130 சதுர கிலோமீட்டர் நிலம் தேவை. இது நகராட்சிப் பரப்பைப் போல் பதினோரு மடங்குக்கும் மேல். மரம் நிழலுக்கு வேண்டும், தெரு குளிர வேண்டும், பறவைக்கு வேண்டும். இந்த வெயில் பூமியில் அதற்காகவே நட வேண்டும். ஆனால் கணக்கைச் சமன்செய்யும் வேலையை மரத்தின் தலையில் கட்டினால் கணக்கு பொய்யாகிவிடும்.

இங்கே இன்னொரு சபலமும் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்தால் மலை. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், மேகமலையோடு சேர்ந்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமானது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் காடு. அதில் ஒரு துண்டைக் கணக்கேட்டில் சேர்த்தால் எந்த ஊரும் நாளைக் காலையே சமநிலை அடைந்துவிடும். அந்தக் காடு இந்தத் திட்டத்தால் வளர்ந்தது இல்லை. மில்கள் வருவதற்கு முன்பும் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. புதிதாக ஏற்பட்ட உள்வாங்கலை மட்டுமே வரவில் வைக்க வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்திலேயே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

மரத்தை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது மின்சாரம், எரிபொருள், கழிவு. முதலாவதுதான் மிகப் பெரியது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு கிலோ பஞ்சை நூலாக்க, நூலின் நுண்மையைக் குறிக்கும் கவுண்டைப் பொறுத்து மூன்று நான்கு யூனிட் போகும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1930-களில் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரின் சோறு நூற்பாலையில்தான் வேகிறது. மூன்று ஷிஃப்டும் ஓடும் மில்லின் மின்சாரத்தைச் சுத்தமாக்காமல் தெருவிளக்கை எல்.இ.டி. ஆக்குவது கணக்கில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம்.

ஆனால் மின்சாரத்தின் எந்தச் சாவி நகராட்சியிடம் இருக்கிறது? எதுவும் இல்லை. விலையை ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது, கம்பி மின்வாரியத்துடையது, மானியத்தைக் கோட்டை முடிவு செய்கிறது. கூரையில் சூரியத் தகடு போட்ட தொழிற்கூடங்களிடம் மின்வாரியம் வலையமைப்புக் கட்டணம் கேட்டது. சிறுதொழில் அமைப்புகள் போராடிய பிறகே 2023-இல் அரசு அதைப் பாதியாகக் குறைத்தது. ஒரு துறை சூரிய மின்சாரத்துக்கு வாருங்கள் என்று அழைக்கும்போது இன்னொரு துறை வாசலில் கட்டணம் வசூலித்திருக்கிறது. வீடுகளின் கதை வேறு மாதிரி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் குறைந்த கட்டணம். இந்த நிலையில் மூன்று கிலோவாட் தகட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் கொடுத்தாலும், சிறிய வீட்டுக்காரர் மீதிப் பணத்தைப் புரட்டிக் கூரையில் போட ஒரு காரணமும் இல்லை. விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். இலவசத்தை நிறுத்தச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. இந்த வட்டாரத்துத் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்பவரின் கூலியில் கை வைத்துப் பூமியைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அரசு ஆண்டுதோறும் மின்வாரியத்துக்குச் செலுத்தும் அந்த மானியத்தின் ஒரு பகுதியைத் தறிக்காரர்களின் கூட்டுச் சொத்தான சூரிய மின்நிலையமாக மாற்றலாம் என்பதே என் வாதம். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஒரு சின்னக் கிராம ஊராட்சி செய்ததை, மில் முதலாளிகளும் வங்கிகளும் நிறைந்த ஒரு நகராட்சி செய்ய முடியாதா?

மில்களுக்குக் காற்றாலை புதிதில்லை. தமிழ்நாட்டு ஜவுளித்துறை 1990-களிலிருந்தே ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகளில் பணம் போட்டு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் அங்கே சுழலும் இறக்கையின் பலனை யார் கணக்கில் எழுதுவது? வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ‘எங்கள் நூல் பசுமை நூல்’ என்று மில் அதைக் காட்டும். அதே யூனிட்டை நகரின் கணக்கிலும் வரவு வைத்தால் ஒரே ரூபாயை இரண்டு பேரேட்டில் எழுதியதாகும். இந்த இடத்தில் கணக்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்பதை வைத்தே 2041-ஐ நம்பலாமா என்று சொல்ல முடியும்.

எல்லையைப் பற்றிப் பேசாமல் இந்தத் திறனாய்வு முழுமை பெறாது. பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் நகராட்சிக் கோட்டுக்கு வெளியே. அந்தத் துணியை வெளுக்கும் சலவைக்குத் தண்ணீரும் ரசாயனமும் வெப்பமும் வேண்டும். ஊரின் பெருமைக்குரிய ராம்கோ குழுமத்தின் சிமென்ட் ஆலை விருதுநகரை அடுத்த ஆர்.ஆர். நகரில். சிமென்ட்டில் வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. சூரிய மின்சாரத்தைக் கொடுத்தாலும் அந்தப் பங்கு குறையாது. நகராட்சிக் கோட்டை மட்டும் எல்லையாகக் கொள்ளும் எந்தக் கணக்கிலும் இவை வராது. செல்வம் ஊருக்குள் வருகிறது, அதன் புகை கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. ராஜபாளையத்தை மட்டும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உலகின் எல்லா நகரத் திட்டங்களுக்கும் உள்ள பொதுக் குறை இது. ஆனாலும் முன்மாதிரி என்று அழைக்கப்படும் ஊர், குறைந்தபட்சம் இந்த வெளிப்புறக் கணக்கைத் தனிப் பத்தியிலாவது காட்ட வேண்டும்.

வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். 2011-இல் 75,396 பேர். அதே மலை, அதே வைப்பாற்றுப் படுகை, அதே நெடுஞ்சாலை, அதே ரயில் பாதை. ஒரு ஊரில் வீடு, அடுத்த ஊரில் வேலை என்று தினமும் போய் வருபவர்கள் ஏராளம். இயற்கை இவற்றை இரண்டாகப் பிரிக்கவில்லை, திட்டம் பிரித்திருக்கிறது. இங்கே கார்பன் வேலைக்கு இடமில்லையா? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பால் மணிக்கணக்கில் சுண்ட வேண்டும். விறகடுப்பின் புகையை அன்றாடம் சுவாசிப்பவர்கள் கிண்டுபவர்கள். சுவை கெடாமல் அந்த அடுப்பை மாற்றுவது எப்படி என்று கண்டுபிடித்தால், ஆயிரம் கன்று நடுவதைவிட அது பெரிய காரியம். திருமுக்குளம் இருக்கிறது, ஊரைச் சுற்றிக் கண்மாய்கள் இருக்கின்றன, ஆண்டாள் கோயிலுக்கு வரும் லட்சக்கணக்கான பக்தர்களின் வண்டிகளும் நெகிழிக் குப்பையும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: ஊருக்காகத் தலைநகரில் பேசக்கூடிய ஒரு பெருநிறுவனம்.

ராஜபாளையத்துக்குக் கொடை மரபு உண்டு. சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பள்ளிகளும் பிற பொதுக் கட்டடங்களும் அந்த மரபில் எழுந்தவை. கார்பன் திட்டமும் அதே கொடை மனத்தின் நீட்சி என்றே நான் பார்க்கிறேன், அதை வணங்குகிறேன். ஆனால் கொடையாளர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் காலநிலைத் திட்டம் என்பது அரசின் கொள்கையாக முடியாது. கொடை உரிமையாக மாறும் இடத்தில்தான் கொள்கை தொடங்குகிறது. பக்கத்து ஊருக்கு அந்த உரிமை கிடைக்காதவரை இதை மாநிலத்தின் முன்மாதிரி என்று சொல்வதற்கில்லை.

தண்ணீரைப் பார்த்தால் பிரிவின் விலை இன்னும் தெளிவாகும். ராஜபாளையம் நெடுங்காலமாகக் குடித்தது அய்யனார் கோவில் ஆற்றின் நீரை, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கி. மலையிலிருந்து சரிவில் இறங்கி வரும் நீர் அது. ஊர் பெருத்தது, போதவில்லை, தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வேறொரு படுகையின் நீரைக் குழாயில் தள்ளிக் கொண்டுவர மின்சாரம் வேண்டும். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்தால் 0.4 யூனிட் அளவு ஆகும். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,000 யூனிட், அதாவது தினமும் 2.8 டன் கரியமில வாயு. கண்மாய் நிறைந்து, நிலத்தடி நீர் உயர்ந்து, ஊர் தன் நீரையே கூடுதலாகப் பயன்படுத்தினால் இந்தச் செலவு குறையும். ஆக, வரத்து ஓடையைத் தூர்வாருவதும் கண்மாய்க்குள் வாறுகால் தண்ணீர் போகாமல் தடுப்பதும் கார்பன் வேலைதான். ஆனால் பட்டியல்களில் இவை ‘தகவமைப்பு’ என்று வேறு தலைப்புக்குப் போய்விடும். இலக்கின் எண்ணில் ஏறாது. எண்ணில் ஏறாதவற்றுக்குப் பணம் கடைசியாகத்தான் வரும்.

பாதாளச் சாக்கடை வேலைக்காகத் தோண்டிய தெருக்களில் ராஜபாளையத்து மக்கள் பல ஆண்டுகள் புழுதி குடித்தார்கள். நகரக் கட்டமைப்புக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்தின் பெரிய செலவுகள் முடிவான அந்தக் காலத்தை நினைவில் வைக்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெரு ஏன் மூடப்படவில்லை என்று கேட்கக் கவுன்சிலர்கூட இல்லாத ஐந்தாண்டு அது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் நகர்ப்புறக் காடு வளர்ப்பையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் நகராட்சிக்குரிய பதினெட்டுப் பணிகளில் சேர்த்தது. ஏட்டில் சேர்த்தது. நிலப் பயன்பாட்டு வரைபடம் நகர் ஊரமைப்புத் துறையிடம், பெரிய குடிநீர்த் திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்திடம், பாசனக் கண்மாய்கள் நீர்வளத் துறையிடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், மலை வனத்துறையிடம் இருக்கின்றன. குப்பையும் தெருவிளக்கும் மட்டும் முழுமையாகக் கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயரில் பூஜ்ய இலக்கை எழுதியிருக்கிறோம்.

நெடுஞ்சாலை இதற்கு நல்ல சான்று. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை 70 கிலோமீட்டருக்கு மேல் நான்குவழிச் சாலை. ஊருக்குள் லாரி நெரிசல் குறையும் என்பது உண்மை, விபத்தும் குறையலாம். ஆனால் ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை நோக்கிப் போகும் அடுத்த பகுதியில், நஞ்சையையும் குளங்களையும் வெட்டிச் செல்லும் வழித்தடத்தை மாற்றச் சொல்லி சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயிகள் போராடினார்கள். சாலை எங்கே போக வேண்டும் என்பதில் காலநிலைத் திட்டத்துக்கு ஒரு சொல் பேசும் இடம்கூட இல்லை. சாலை வந்ததும் இருபுறமும் தோப்புகள் மனைகளாகும், சப்பட்டை மாமரங்கள் விறகாகும். அந்த நிலமாற்றத்தில் போகும் கார்பனை எந்த அலுவலகம் எழுதி வைக்கப் போகிறது? இதற்கு மாறாக, 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தில் மலையடிவாரக் கிராமத்துப் பெண்கள் தினமும் ஊருக்குள் வந்து போகிறார்கள். யாரும் அதைக் காலநிலைக் கொள்கை என்று அழைக்கவில்லை. இரு சக்கர வண்டி வாங்கும் தேவையைத் தள்ளிப்போடும் அந்த வெள்ளைப் பலகைப் பேருந்து, என் மதிப்பீட்டில், இந்த வட்டாரத்துக்கு இதுவரை கிடைத்த சிறந்த காலநிலைக் கொள்கை.

வெளியுலகம் என்ன சொல்கிறது? கோபன்ஹேகன் 2012-இல் ஒரு திட்டம் நிறைவேற்றியது: 2025-க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகரம். வெப்பம், தண்ணீர், கழிவு எல்லாம் நகர மன்றத்தின் சொந்த நிறுவனங்களிடம் இருந்தன, பணமும் இருந்தது. வாயு வெளியீடு பெருமளவு குறைந்தது. ஆனாலும் குப்பை எரி ஆலையில் கார்பனைப் பிடித்து வைக்கும் கருவிக்கு நிதி கிடைக்காமல், 2022 ஆகஸ்டில் இலக்கை எட்ட முடியாது என்று நகரம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நான் இதில் தோல்வியை மட்டும் பார்க்கவில்லை. கணக்கு பொதுவில் இருந்ததால்தான் மூன்று ஆண்டு முன்பே அந்த ஒப்புதல் வந்தது. இன்னொரு உதாரணம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. வயநாட்டு மீனங்காடி ஊராட்சி 2016-இல் கார்பன் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கி, மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு மரத்துக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் மர வங்கியை ஏற்படுத்தியது. தொகை சிறியது. ஆனால் அதை வடிவமைத்ததும் நடத்தியதும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியும் கூட்டுறவு வங்கியும். அய்யனார் கோவில், செண்பகத்தோப்பு அடிவாரங்களில் யானை புகுந்து தென்னையைச் சாய்த்தாலும் தோப்பை விற்காமல் வைத்திருக்கும் விவசாயிக்கு இங்கே அப்படி ஒரு ஏற்பாடு வந்தால், மனைப்பிரிவுக்காரரிடம் அவர் வேண்டாம் என்று சொல்ல ஒரு பலம் கிடைக்கும்.

எங்காவது ஒரு ஊரில் தொடங்கித்தானே ஆக வேண்டும், எல்லா அதிகாரமும் வரும்வரை காத்திருந்தால் வெயில் காத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடங்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் இலக்கை மட்டும் வைத்தால், 2041-இல் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்கிறேன். இன்றைய ஆணையர் மாறியிருப்பார், நகர்மன்றம் பலமுறை மாறியிருக்கும், ஆட்சிகளும் மாறியிருக்கும்.

என் தீர்ப்பு இது. ராஜபாளையத் திட்டத்தின் நோக்கம் உண்மையானது, வரைந்த எல்லை குறுகியது, கொடுத்த கருவி போதாதது. இப்போதைய வடிவில் அது நல்ல மனம் கொண்ட ஓர் ஊரின் முயற்சி. மாநிலக் கொள்கை என்ற தகுதியை இன்னும் பெறவில்லை. பெறுவதற்கு, நகராட்சி எல்லையை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சேத்தூர் வரையிலான மலையடிவாரம் முழுவதையும், சத்திரப்பட்டியையும் சேர்த்து, ஒரே அலகாக்க வேண்டும். இரு நகர்மன்றங்களும் ஊராட்சிகளும் அமரும் ஒரு குழுவுக்குக் கண்மாய் நிலத்தையும் தோப்பு நிலத்தையும் மனையாக்கும் அனுமதியை மறுக்கும் உரிமை சட்டப்படி வேண்டும். ஆண்டுதோறும் வாயுக் கணக்கை, மில்களின் மின்சாரத்தையும் காற்றாலை வரவையும் தனித்தனியே காட்டி, தமிழில் அச்சிட்டு, 2022-இல் தொடங்கிய பகுதி சபைகளில் வைத்து விவாதிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரும் நிதி தேவையில்லை. கோட்டையில் நான்கு துறைகள் தங்கள் அதிகாரத்தில் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் போதும். அதற்கு மறுக்கும் அரசு, அதே காரணத்தைச் சொல்லி இலக்கின் ஆண்டைத் தள்ளிப்போடும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.